சனிக்கிழமைத் தரை

எடப்பாடியிலிருந்து சேலம் போகும், பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடும் கரி பஸ் மேட்டில் திணறி நின்றது. சத்தம் அடங்கியதும் முன் இருக்கைப் பெண்மணி பக்கத்திலிருந்த இளையவளிடம் சொன்னது தெளிவாகக் கேட்டது.

"எங்க ஊட்டுத் தரையில மூஞ்சி பாத்துப் பொட்டு வெக்கலாம், அம்மிணி."

"தரையிலீங்களா, அக்கா?"

"சிமிட்டித் தரை. அவரு வெறுஞ் சாம்ப நெறத்துலயே உட்டரலாம்னாரு. நாந்தான் கூட நின்னு காவி கலக்கச் சொல்லி, தேங்காயெண்ணெ போட்டுத் தேய்க்க வெச்சேன். ஊரே வந்து பாத்துட்டுப் போகுது."

இளையவள் சற்று யோசித்தாள்.

"அப்ப வெள்ளிக்கெழமை சாணி போட்டு மொழுகறதில்லீங்களா?"

"அதெப்படி மொழுகாம இருக்கறது?"

"மொழுகுனா மூஞ்சி எப்படீங்க தெரியும்?"

மூத்தவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"அதுக்குத்தான் மக்யாநாளு கழுவி உடறது. நீ சனிக்கெழமையாப் பாத்து வா."