ஓட்டுச் சீட்டில் இல்லாத பெயர்

பிள்ளைகளே, நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த பிறகு வந்த முதல் பொதுத் தேர்தலுக்காக, உங்கள் சிலேட்டில் பிரதமரின் பெயரை நான் எழுதிப் பழகியது நினைவிருக்கிறதா? "அப்பா எழுதினால்தான் அவர் பிரதமர்" என்று வேறு அளந்தேன். கோயில் கமிட்டிக்குத் தலைவர் பெயரை எழுதித்தானே ஓட்டுப் போட்டு வந்தோம்!

எங்கள் ஊரான காஜா பெராங்கின் பள்ளிக்கூடத்தில் ஓட்டுப்போட நின்ற வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

"சீட்டுல பிரதமர் பேரே இல்லையாம், அண்ணி. நான் வீட்டுக்குப் போறேன்."

"நில்லும்மா. நாம நம்ம ஊர் ஆளைத்தான் பார்லிமெண்டுக்கு அனுப்புறோம். அங்க யாரு பக்கம் அதிக ஆளுங்க இருக்காங்களோ, அவருதான் பிரதமர்."

"அவரு சரியில்லன்னா?"

"அதே ஆளுங்க இறக்கிடுவாங்க."

"அப்ப பேரு எழுத வேணாமா?"

"எழுதினா சீட்டு செல்லாது. ஒரு பெருக்கல் குறி போடு, போதும். எந்த மடையன் பேரு எழுதுவான்?"

அவள் வரிசையிலேயே நின்றாள். சட்டைப் பையில் சீவி வைத்திருந்த பென்சிலை இன்னும் உள்ளே தள்ளினேன்.

வீடு திரும்பியபோது நீங்கள் விளையாடப் போயிருந்தீர்கள். சிலேட்டிலிருந்த பெயரை எச்சில் தொட்டு அழித்துவிட்டு, ஒரு பெருக்கல் குறி போட்டுப் பார்த்தேன். அதுவும் கோணலாகத்தான் வந்தது.