படிக்க மட்டும்

தோழர்களே, பேச்ச இந்த இடத்துல நிறுத்திட்டு ஒரு குட்டிக் கதை சொல்றேன். கைதட்ட வேணாம்... இது கைதட்டுற கதை இல்ல. எந்த ஊருன்னும் கேக்காதீங்க.

ஒரு ரத்த வங்கி. ரத்தம் குடுக்கிறவங்க பேரு, குரூப்பு, போன் நம்பர், எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கு. அதப் பாத்துக்கிறவங்க பாக்கியவதின்னு ஒரு அம்மா. ஒருநாள் மேலிடத்துலேர்ந்து உத்தரவு வருது. "இனிமே நீங்க உக்காந்து தேட வேணாம். ஏஐ உதவியாளர் வருது. தமிழ்ல கேட்டா தமிழ்லயே பதில் சொல்லும்."

நல்ல விஷயம்தானே? நல்ல விஷயம்தான். ஆனா அந்த ஏஐக்கு இந்தப் பட்டியல் எப்படித் தெரியும்? ரெண்டுக்கும் நடுவுல ஒரு சர்வர் போடணும். போட வந்தவர் குருநாதன். நம்மள மாதிரி கம்ப்யூட்டர் வேலை பாக்குற ஆளு, வேலை தெரிஞ்ச ஆளு.

அந்த சர்வர்ல ஒரு வரி உண்டு... ஒரே ஒரு வரி. ஏஐ இந்தப் பட்டியலப் படிக்கலாமா, இல்ல எழுதவும் அழிக்கவும் செய்யலாமா? அத அந்த வரிதான் சொல்லும். குருநாதன் என்ன போட்டார்? 'படிக்க மட்டும்'னு போட்டார். சரியாத்தான் போட்டார்.

மறுநாள் பாக்கியவதி போன். "சார், ஒருத்தரு நம்பர் மாறிப்போச்சு. மாத்தச் சொன்னா அனுமதி இல்லங்குது." குருநாதன் வந்து மாத்திக் குடுத்தார். அதுக்கு மறுநாளும் போன். மூணாம் நாள் மனுஷன் வேற ஒரு ஆஸ்பத்திரியில ஏணி மேல நின்னு கேபிள் இழுத்துட்டிருக்கார்... மறுபடியும் போன்.

"சார், அட்ரஸ் ஒன்னு..."

"ஏம்மா, இதுக்கெல்லாமா கூப்பிடுவீங்க? இருங்க, எல்லாத்தையும் திறந்து விட்டுர்றேன். இனிமே என்னத் தேட வேண்டியதே இருக்காது."

திறந்து விட்டுட்டார். எதையும் மாத்துறதுக்கு முன்னாடி 'மாத்தட்டுமா'ன்னு ஏஐ ஒரு வார்த்தை கேக்குற வசதி இருந்துச்சு. தொந்தரவுன்னு அதையும் அணைச்சுட்டார். எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஒரு நிமிஷம். இங்க உக்காந்திருக்கிறவங்கள்ல இத செய்யாதவங்க யாராவது இருந்தா கை தூக்குங்க... சரி. நானும் தூக்கல.

ரெண்டு மாசம் ஒரு குறையும் இல்ல. ஒரு ரத்ததான முகாம் வருது. ரொம்ப நாளா வராதவங்களுக்கு போன் போட்டுக் கூப்பிடலாம்னு பாக்கியவதிக்கு ஒரு நல்ல எண்ணம். ஏஐகிட்ட எழுதுறாங்க: "ஒரு வருஷமா ரத்தம் குடுக்காதவங்கள எல்லாம் எடுத்துடு."

என்ன அர்த்தம்? பிரிண்ட் எடுத்துடு, ஜெராக்ஸ் எடுத்துடுன்னு சொல்றோமே, அந்த அர்த்தம். உடனே பதில் வருது: "எடுத்துவிட்டேன்." லிஸ்ட் ரெடின்னு அந்த அம்மா நிம்மதியா எழுந்து போனாங்க. அது எடுத்தது லிஸ்ட்ட இல்ல தோழர்களே... அத்தன பேரையும் பட்டியல்லேர்ந்தே எடுத்துடுச்சு. முகாம் தள்ளிப் போச்சு, லிஸ்ட்ட யாரும் தேடல. பேக்கப் இல்லையான்னு கேப்பீங்க. இருந்துச்சு. தினம் பழைய காப்பி மேலதான் புதுக் காப்பி விழும். மறுநாளே அதுவும் போச்சு.

பதினோராம் நாள். காலையில பத்து மணி. முத்துச்செல்வின்னு ஒரு பொண்ணு, பிரசவமாகி ரத்தம் நிக்கல. சோதிச்சுப் பாத்தா பாம்பே குரூப். அதுக்கு அதே குரூப்தான் சேரும், வேற எது ஏத்தினாலும் உயிருக்கு ஆபத்து. பாக்கியவதி ஏஐகிட்ட கேக்குறாங்க, "பாம்பே குரூப் யாரு இருக்கா?"

"பதிவில் யாரும் இல்லை."

அந்த ஊர்ல நாலு பேர் இருந்தாங்க. அபூர்வ குரூப்புங்கிறதால அவங்கள சும்மா குடுக்க விடாம அவசரத்துக்குன்னு வச்சிருந்தாங்க. அப்ப ஒரு வருஷத்துக்குள்ள குடுத்திருப்பாங்களா? நாலு பேரும் போயாச்சு. "நாலு பேர் இருந்தாங்களே, நாலு பேர் இருந்தாங்களே"ன்னு அந்த அம்மா அழுவுறாங்க. யாரு, எந்த நம்பர்னு யாருக்கு ஞாபகம் இருக்கும்? மதுரையிலேர்ந்து கார்ல ரத்தம் கிளம்புச்சு. கார் வந்து நின்னப்ப முத்துச்செல்வி இல்ல. குழந்தை இருக்கு.

அடுத்த நாள் விஷயம் கேள்விப்பட்டு, அந்த நாலு பேர்ல ஒருத்தர், பீர் முகமது, ரத்த வங்கி வாசல்ல வந்து நிக்கிறார். மூணு தெரு தள்ளி பஞ்சர் கடை வச்சிருக்கார். சத்தம் போடல. மெதுவாக் கேக்குறார்.

"நீங்கதானேம்மா சொன்னீங்க... 'சும்மா வராதீங்க பாய், நாங்க கூப்பிடும்போது வாங்க'ன்னு? நேத்து முழுக்க கடையிலதான் இருந்தேன். என்ன ஏம்மா கூப்பிடல?"

அவருக்குப் பதில் சொல்ல வேண்டியது யாரு?

பாக்கியவதிக்குச் சரியாச் சொல்லத் தெரியலன்னு பேப்பர்ல சில பேர் எழுதினாங்க. எனக்கு ஆத்திரமா வருது. அந்த அம்மா நாம பேசுற தமிழத்தான் பேசுனாங்க. ஏஐக்கு அறிவில்லன்னு வேற சில பேர். சரி, இல்லன்னே வச்சுக்குவோம். அறிவில்லாததுக்கு அழிக்கிற அதிகாரத்தக் குடுத்தது யாரு? பாக்கச் சொல்லிக் கூட்டிட்டு வந்த ஒன்னுக்கு கண்ண மட்டும் குடுத்தாப் போதும். நாம கையையும் குடுத்தோம். எதுக்காக? நமக்கு ஒரு போன் குறையணும்னு.

இந்த மேடையில நம்ம சங்கத்துத் தீர்மானம் ஒன்னு இருக்கு. 'ஏஐ செய்யும் பிழைக்கு ஊழியர் பொறுப்பல்ல.' குருநாதன் மேல முழுப் பழியையும் போட்டு மேலிடம் தப்பிக்கப் பாத்தா, முதல் ஆளா நான் தெருவுக்கு வர்றேன். ஆனா இந்தத் தீர்மானத்துக்கு நான் கையெழுத்து போட மாட்டேன். தெரிஞ்சே திறந்து விட்டவனுக்குப் பொறுப்பு உண்டு. எனக்கும் உண்டு.

என் மேல கோவம் வருதா? வரட்டும். திங்கட்கிழமை ஆபீசுக்குப் போங்க. நீங்க போட்ட சர்வர்ல அந்த ஒரு வரியத் திறந்து, என்ன எழுதியிருக்குன்னு படிச்சுப் பாருங்க. பாத்துட்டு வந்து, அப்புறம் என்னத் திட்டுங்க.