கணவன் மெயிலில் இருந்த பெயர்

என் கையெழுத்து கோணலாக இருக்கும், எழுத்துப் பிழையும் வரும்; பொறுத்துக்கொள்ளுங்கள். அம்பத்தூரில் ரயில் ஏறிய ஒரு கணவனும் மனைவியும் என் எதிரே உட்கார்ந்து பேசியதை எழுதுகிறேன். மனைவி தன் செல்போனில் கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்துகொண்டிருந்தாள்.

"உள்ள போவ உன் மெயில் கேக்குது. இன்னா போடணும்?"

"குடு, நானே போடுறேன்."

"ஏன், எனக்கு அடிக்கத் தெரியாதா? சொல்லுய்யா."

அவன் குரலைத் தாழ்த்தி, "கவிதா சுரேஷ்" என்றான்.

"சுரேசு நீ. கவிதா யாரு? எம் பேரு அமுதா ஆச்சே!"

"கல்யாணத்துக்கு மின்னாடி தொறந்த மெயிலு அது. எல்லாத்துக்கும் அதையே குடுத்துட்டேன்."

"பேங்குக்கு?"

"அதான்."

"கரண்டு பில்லுக்கு?"

"அதான்."

"அப்போ எந்தக் கதவாண்ட போனாலும் அவ பேரைச் சொல்லிக்கினுதான் உள்ள போற. மொதல்ல மாத்து."

"மாத்தணும்னா ஓடிபி கேக்கும்மே. அது அவ போனுக்குத்தான் போவும். அன்னிக்கு அவ நம்பரைத்தான் குடுத்தேன்."

"போன் போட்டுக் கேளு."

"அவ நம்பரை எப்பவோ அழிச்சிட்டேன்."

"இந்தா, எம் போன்ல போடு."

அவன் எங்கும் தயங்காமல் பத்து எண்களையும் அழுத்தினான். மணி அடிப்பதற்குள் அவள் போனைப் பிடுங்கி அணைத்தாள்.

"இப்போ எம் நம்பரைச் சொல்லு."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"ஆவடி வந்துச்சு, எறங்கு" என்றான்.

எழுதத் துணிந்த நாள்: ஆடி மாதம், முதல் ஞாயிறு.