கருவாட்டுக்குக் கீழே கிடந்த அமெரிக்கக்காரி

முதலில் அந்தச் சுழல் கதிரையில் இருந்து ஒரு சுற்றுச் சுற்றுங்கள், ஐயா. வெட்கப்படாதீர்கள். சோமசேகரம் கூல்பாருக்கு வந்த பெரிய மனிதர்கள் எல்லோரும் சுற்றியிருக்கிறார்கள். பழைய அமெரிக்கச் சஞ்சிகை ஒன்றில் படம் பார்த்து, உட்துறைமுக வீதி வெல்டிங்காரரைக் கெஞ்சிச் செய்வித்த கதிரைகள். தரையில் கறுப்பு வெள்ளைக் கட்டம் பதித்ததும் அந்தப் படத்தைப் பார்த்துத்தான். மூலையில் நிற்கும் பாட்டுப்பெட்டி பாடாது. பாடாவிட்டால் என்ன, அதன் வளைவைப் பாருங்கள். சோடா விற்பதற்குக்கூட அந்த மனிதர்கள் எவ்வளவு சந்தோஷமாகக் கோடு போட்டிருக்கிறார்கள். சண்டைக் காலத்தில் இந்தக் கதிரைகளைத் துடைப்பதுதான் எனக்கு ஆறுதல். வாடிக்கையாளர் வராத நாட்களிலும் துடைத்தேன்.

காணாமற்போனவர்களைப் பற்றி விசாரிக்க வந்திருக்கிறீர்கள். சல்லி மீனவக் கிராமத்து யோகமலர் தன் புருஷன் கதிர்காமத்தம்பியின் விஷயத்தில் என்னைச் சாட்சியாகச் சொல்லியிருக்கிறார். நல்ல மனம் உள்ள பெண். ஆனால் வந்த நேரத்திலிருந்து நீங்கள் சுவரில் இருக்கும் எனாமல் பூசிய தகர விளம்பரப் பலகையைத்தான் பார்க்கிறீர்கள். ரசனை உள்ளவர். அதைப் பற்றி யாராவது கேட்டால் எனக்குப் பொய் சொல்ல வராது. ஆகவே எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்.

நாற்பத்து நாலாம் ஆண்டு அமெரிக்கக் கப்பல் இந்தத் துறைமுகத்தில் நின்றபோது, கதிர்காமத்தம்பியின் தகப்பன் ஒரு கடகம் சிங்க இறால் கொடுத்து மாற்றி எடுத்த பலகை அது. ஆள் உயரம். வெண்ணெய் நிறத்தில் பின்னணி, சரித்து வைத்த தொப்பியோடு ஒரு பெண், கையில் போத்தல். கீழே எழுத்தைக் கவனியுங்கள். கடைசி எழுத்தின் வால் திரும்பி வந்து முழுப் பெயருக்கும் அடிக்கோடாகிறது. ஒரே மூச்சில் இழுத்த கை. அந்தக் கையை நினைத்தால் எனக்கு இப்போதும் புல்லரிக்கும்.

சல்லியில் அதன்மேல் நெத்தலி காயப்போட்டிருந்தார்கள்.

அம்மன் கோவிலுக்குப் போன நான் அதைக் கண்டேன். கும்பிட மறந்துவிட்டேன். உப்பு எனாமலை எப்படித் தின்னும் தெரியுமா? ஆணி ஓட்டைக்குள் நுழைந்து, அடியால் ஊர்ந்து, ஒருநாள் செதிலாகக் கழற்றிவிடும். அவளுடைய கன்னத்தில் பொட்டளவு துரு ஏற்கெனவே பிடித்திருந்தது. அன்றிலிருந்து கிழமைக்கு ஒரு தடவை சைக்கிளில் போனேன். புது வலை தருகிறேன் என்றேன். என் றேடியோவைத் தருகிறேன் என்றேன். கதிர்காமத்தம்பி தங்கமான மனிதர், ஒவ்வொரு முறையும் பொரித்த மீனும் சோறும் தந்து, சிரித்துச் சிரித்தே மறுத்தார். கடைசியாகப் போன அன்று சொன்னார்:

“உங்களுக்கு அது படம், சோமண்ணை. எங்களுக்கு அது அப்புவின்ர சாமான். தரேலாது. மீன் வாடிக் கூரையும் ஒழுகுது, மாரிக்கு முதல் அதை ரெண்டா வெட்டி மேல போடப்போறன்.”

நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

புரட்டாதியில் ஆமியின் சுற்றிவளைப்பு வந்தது. பட்டணம், சல்லி என்று பாராமல் ஆண்களை எல்லாம் ஒரு மைதானத்தில் இருத்தினார்கள். வந்தவர்களில் சிலர் இங்கே ஐஸ்கிறீம் குடித்தவர்கள், கதிரையில் சுற்றியவர்கள். என்னைத் தனியே கூப்பிட்டு, எல்லோரையும் தெரிந்த ஆள் நீங்கள், கொஞ்சம் உதவ வேண்டும் என்று மரியாதையாகவே கேட்டார்கள். மறுத்திருந்தால் என்ன செய்திருப்பார்கள் என்று கேட்கப்போகிறீர்கள். பேக்கரி பாக்கியரத்தினத்தை எனக்கு முதல் கேட்டார்கள். அவர் ஏலாது என்றார். திரும்பி வந்து வரிசையில் இருந்தார், அவ்வளவுதான்.

எனக்குச் சீனிச் சாக்கு ஒன்றைத் தலையில் போட்டார்கள். கண்ணுக்கு இரண்டு ஓட்டை, மணமும் மோசமில்லை. ஒவ்வொருவராக முன்னால் வருவார்கள். சாக்குக்குள் இருப்பவர் தலையை ஆட்டினால் அந்த ஆளைத் தனியே எடுப்பார்கள். அப்படி இருப்பவருக்கு ஊரில் தலையாட்டி என்று பெயர். அந்தப் பெயர் எனக்குப் பிடிக்காது. நான் ஆட்டியது ஒரே ஒரு தடவை. ஒரு தடவை சோறு காய்ச்சியவரைச் சமையல்காரர் என்பீர்களா?

காலை முழுக்க என் கழுத்து அசையவில்லை. கதிரைகளைப் பார்த்துக் கேலி பண்ணும் தம்பிராசா போனார், ஆட்டவில்லை. வாயாடிச் செல்லத்தம்பி போனார், ஆட்டவில்லை. வேறொருவர் அந்தச் சாக்குக்குள் இருந்திருந்தால் இருபது பேராவது போயிருப்பார்கள். அந்த வகையில் பார்த்தால் அன்று நான் பலரைக் காப்பாற்றியிருக்கிறேன்.

பிறகு கதிர்காமத்தம்பி வந்தார். சாரத்தை இறக்கிவிட்டுக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நேராக நின்றார். மாரிக்கு ஒரு மாதம்தான் இருந்தது. நான் தலையை ஆட்டினேன்.

அவருக்கு ஒருவரோடும் ஒரு தொடர்பும் இல்லை. மீனைத் தவிர வேறு கதை தெரியாத மனிதர். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தபடியால்தான் ஆட்டினேன் என்றும் சொல்லலாம். குற்றமில்லாதவரை இரண்டு நாள் வைத்திருந்து விட்டுவிடுவார்கள், அதற்குள் யோகமலரோடு கதைத்துப் பலகையை எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். அவர்மேல் எனக்கு ஒரு கோபமும் இருக்கவில்லை.

அடுத்த நாளே மாவும் சீனியும் கொண்டு சல்லிக்குப் போனேன். யோகமலரோடு முகாம் வாசல் வாசலாக ஏறி இறங்கினேன். அவர் அழுதபோது நானும் அழுதேன், அது நடிப்பில்லை. பின்னேரம் பலகைக் கதையை எடுத்தேன். ஆண் இல்லாத வீட்டில் களவு போய்விடும், என்னிடம் இருக்கட்டும் என்றேன். அவர் தன் சேலைத் தலைப்பாலேயே மீன் செதில்களைத் துடைத்துத் தந்தார்.

“அவர் வந்து கேட்டா, சோமண்ணையிட்ட பத்திரமா இருக்கெண்டு சொல்லுறன்” என்றார்.

பட்டணத்துக்கு வந்தால் யோகமலர் இங்கே வராமல் போகமாட்டார். பலகைக்குக் கீழே இருந்து ஐஸ்கிறீம் குடிப்பார். நான் காசு வாங்குவதில்லை. கன்னத்துத் துருவைத் தேய்த்து, அதே நிறம் கலந்து நானே பூசினேன். எது பழையது, எது நான் பூசியது என்று உங்களுக்குத் தெரிகிறதா? ஒருவருக்கும் தெரிவதில்லை.

எழுதும்போது, நான் களவெடுத்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், ஐயா. கதிர்காமத்தம்பி வந்தால் கொடுப்பதற்காகத்தான் வைத்திருக்கிறேன். சுவரோடு பதித்திருப்பது உப்புக்காற்று பின்பக்கம் நுழையாமல் இருக்க. மேசன் முத்தலிப்பின் வேலை, மிகச் சுத்தம். சுற்றிவளைப்பு நடந்து மூன்றாம் நாள் வந்து பூசினார். பாதி வேலையில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“முதலாளி, சீமெந்து இறுகினா உடைக்காம கழட்டேலாது. அவர் வந்து கேட்டா என்ன செய்வீங்க?”

அவர் கேட்கமாட்டார், நீங்கள் பூசுங்கள் என்றேன்.