வைரம் அசையாத பத்தொன்பது நிமிடம்

அலாரம் அலறினால் எனக்குப் பல் கூசும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பள்ளிக்கூட மணிக்குக்கூடக் காதைப் பொத்திக்கொள்வேன். அந்தத் திங்கட்கிழமை காலை எங்கள் ஆய்வுக்கூடத்தில் அது திடீரென்று அலறியது. நடந்ததை எழுதித் தரும்படி இன்ஸ்பெக்டர் கேட்டதால் அந்த நாளிலிருந்தே தொடங்குகிறேன்.

எங்களிடம் அரிசியளவு வைரம் ஒன்று இருக்கிறது. அதற்குள் இருக்கும் ஒரு எலக்ட்ரானை, காதுக்குக் கேட்காத ஒலி அலையால் தட்டித் தட்டி, நாங்கள் சொன்ன நிலையில் நிற்க வைக்க வேண்டும். அது நின்றால் திரையில் ஒரு கோடு நேராக ஓடும். வெளிச்சத்தம் லேசாகப் பட்டாலும் கோடு அறுந்துவிடும். நான்கு வருடமாக அது மூன்று நிமிடத்தைத் தாண்டியதில்லை.

வைரத்தைக் குளிர வைக்கும் நைட்ரஜனை நிரப்புகிறவர் என் தங்கையின் கணவர். வேலை வாங்கிக் கொடுத்ததே நான்தான்.

"என்ன மச்சான், உங்க கல்லு இன்னும் அடங்கலையா? நான் வேணா தாலாட்டு பாடட்டுமா?" என்று தினமும் வம்பிழுப்பார்.

நைட்ரஜன் கசிந்தால் அறையில் மூச்சுவிடக் காற்று இருக்காது. அதற்குத்தான் அந்த அலாரம். அன்று அது பொய்யாகத்தான் அலறியது. அந்த மாதத்தில் நான்காவது முறை. ஸ்டூலில் ஏறி, சத்தம் போடும் ஒயரை மட்டும் கழற்றினேன். சிவப்பு விளக்கை விட்டுவைத்தேன். அந்த அளவுக்குப் பொறுப்பு எனக்கு உண்டு. மச்சானிடம் சொல்ல நினைத்தேன். வேலை மும்முரத்தில் விட்டுப்போயிற்று.

வியாழக்கிழமை மதியம் அவர் நிரப்பி முடித்துவிட்டு, விளக்குக்கு முதுகைக் காட்டியபடி அசையாமல் நின்றார். கோடு ஓடும்போது அசையக் கூடாது என்று நான்தான் பழக்கியிருந்தேன். குழாயின் இணைப்பு சத்தமில்லாமல் கசிந்திருக்கிறது. அறையின் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நான், திரையின் முன்னால். கோடு ஓடத் தொடங்கிய நான்காவது நிமிடத்தில் விளக்கு சிவந்தது. நிமிர்ந்து பார்த்தேன். மச்சான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். களைத்திருப்பார் என்று எண்ணிக்கொண்டேன்.

கோடு பத்தொன்பது நிமிடம் ஓடியது. அந்த ஆய்வறிக்கையில் 'அமரர்' என்று போட்டு அவர் பெயரையும் சேர்த்திருக்கிறேன்.

இப்போதெல்லாம் வீடு அமைதியாக இருந்தால் உட்கார முடிவதில்லை. தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அதன் பக்கத்தில் நிற்கிறேன்.

தங்கை என்னைத் திட்டவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அந்தக் கதவு பூட்டியிருந்துச்சாண்ணா?"

"இல்லம்மா. திறந்தா சத்தம் வரும்."