இருபதாவது துணி

காலை பத்து இருபது. முதல் குண்டு. டம் என்று ஒரே சத்தம். பிறகு கண்ணாடி கொட்டுகிறது. ஆபரேஷன் தியேட்டரின் ஜன்னல் போய்விட்டது. மேஜையில் வயிறு திறந்தபடி ஒரு ரொட்டிக் கடைக்காரர். டாக்டர் கையை எடுக்கவில்லை. எஸ்தர் அக்காவும் எடுக்கவில்லை.

அக்காவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர். எங்கள் பக்கத்திலிருந்து போர்முனை மருத்துவமனைக்குத் தன்னார்வ நர்ஸாகப் போன முதல் பெண். யாரும் அனுப்பவில்லை. அவராகப் போனார். அவரைப் பார்த்துத்தான் மம்சாபுரத்திலிருந்து நானும் போனேன். அங்கே வந்து இறங்கிய பெட்டிகளில் ராஜபாளையம் என்று அச்சடித்திருந்தது. உள்ளே காயத்துக்கு வைக்கும் காஸ் துணி. "நம்ம பக்கத்துத் தறித் துணி நமக்கு முன்னாடியே வந்துட்டு ஏட்டி" என்று சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

அவருக்குச் சட்டம் ஒன்றே. ரத்தம் ஒற்ற எடுத்த துணி அத்தனையும் திரும்பி வராமல் வயிற்றைத் தைக்கக் கூடாது. ஒன்று உள்ளே தங்கினாலும் சீழ் பிடிக்கும். ஆள் பிழைக்க மாட்டார். எண்ணுவது என் வேலை.

எண்ணினேன். இருபதுக்குப் பத்தொன்பது. மறுபடி எண்ணினேன். பத்தொன்பது.

பத்து இருபத்தாறு. இரண்டாம் குண்டு. பக்கத்துத் தெரு.

"வார்டுல உள்ளவங்களக் கீழ கொண்டு போ ஏட்டி! நாங்க தேடிட்டு வாரோம்! ஓடு!"

ஓடினேன். நான்கு நோயாளிகளை நிலவறையில் இறக்கினேன். கையுறையைக் கழற்றினேன். இடது மணிக்கட்டில் கண்ணாடி கீறிய காயம். அதன்மேல் மடித்து, கையுறை ஓரத்துக்குள் செருகிய காஸ் துணி. ரத்தத்தைப் பார்த்ததும் கை தானாக எடுத்து வைத்திருக்கிறது. பழகிய கை. எனக்கு வலிக்கவே இல்லை.

படியேறி ஓடுகிறேன். "அக்கா! எங்கிட்ட இருக்கு! தேடாதீங்க! வாங்க!"

ஆறாவது படி. மூன்றாம் குண்டு. சத்தம் எனக்குக் கேட்கவில்லை. தியேட்டர் இருந்த இடத்தில் வானம் தெரிந்தது.

ஊர் திரும்பியதும் அக்காவின் அம்மாவைப் போய்ப் பார்த்தேன். "அவ ஏன் தாயி கீழ வரல?" என்று கேட்டார். குண்டு விழுந்துவிட்டது என்றேன். பொய்யில்லை. ஆனால் அவர் கேட்டதற்கு அது பதிலில்லை. இப்போது ராஜபாளையத்தில் வேலை பார்க்கிறேன். அழுகை வரவில்லை. துணியைத் தொட்டால் எண்ணுகிறேன், அவ்வளவுதான்.

போனவர்கள் மூன்று பேர். ரொட்டிக் கடைக்காரர். டாக்டர். எஸ்தர் அக்கா. போன துணி பத்தொன்பது. அவர்கள் தேடிய துணி ஒன்று. அது என்னிடம் இருக்கிறது.