எடை மிஷினின் திருகை நான் திருப்பியது

என் பெயர் ஸ்டேஷன் எழுத்தர் மேலே எழுதியபடி. வயது ஐம்பத்து நான்கு. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு மேலேயே வீடு. இறந்துபோனவள் என் மனைவி.

போன மாதம் அவளுக்கு மூச்சு முட்டியதால் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். எக்கோ எடுத்துப் பார்த்து, இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது என்றார்கள். ஒன்பதாம் நாள், நீரை வெளியேற்றும் மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அதன்பிறகு, தினமும் காலையில் எடை பார்க்க வேண்டும், கூடினால் உடம்பில் நீர் சேர்கிறது என்று அர்த்தம் என்று ஆஸ்பத்திரி நர்ஸம்மா சொன்னார். தினமும் பத்து மணிக்குப் போனில் எடையைக் கேட்டுக்கொள்வார். முள் வைத்த எடை மிஷின் வாங்கினேன். எடை அறுபத்தொன்றிலேயே நின்றது. கண்ணாடிக் கடைக்காரன் மனைவி கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான் மிஷினில் ஏறுவாள், அதற்கும் எடை உண்டாம். முள்ளைப் படிப்பது என் வேலை.

என் தொப்பையை ஐயாவே பார்க்கிறீர்கள். இந்த மாதம் பத்தாம் தேதி மாலை அவளை ஏமாற்ற, முள்ளைச் சைபரில் நிறுத்தும் திருகைத் திருப்பி முள்ளை இரண்டு கிலோ பின்னுக்குத் தள்ளிவிட்டு ஏறினேன். "பாத்தியா, இளைச்சிட்டேன்" என்றேன். "மிஷினுக்கு என்ன லஞ்சம் குடுத்தீங்க?" என்று சிரித்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு அன்றுதான் சிரித்தாள். அதற்குள் கடையில் ஆள் கூப்பிட்டதால் இறங்கிப் போனேன். திருகைப் பழையபடி வைக்க மறந்தேன்.

மறுநாள் அவள் எடை ஐம்பத்தொன்பது. நர்ஸம்மா மறுபடி ஏறச் சொன்னார், அதே ஐம்பத்தொன்பது. டாக்டரைக் கேட்டுவிட்டு, "நீர் நெறய போயிருக்கும்மா, நீர் மாத்திரைய இனிமே பாதியாக்குங்க" என்றார். எனக்குச் சந்தோஷம். அதன்பிறகு நாலு நாளில் எடை மெல்ல ஏறிப் பழைய அறுபத்தொன்றுக்கு வந்ததால் யாரும் பயப்படவில்லை.

பதினாறாம் தேதி காலை அவளால் படுக்கவும் முடியவில்லை, பேசவும் முடியவில்லை. செருப்பு காலில் நுழையவில்லை. வெறுங்காலோடு தூக்கிப் போனோம். ஆஸ்பத்திரியில் எடை காட்டும் கட்டிலில் படுக்க வைத்தார்கள், அறுபத்துமூன்று காட்டியது. நர்ஸம்மா தினமும் எடை குறித்துவைத்த நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் திருகு ஞாபகம் வந்தது. வாயைத் திறக்கவில்லை. பதினொரு மணிக்கு அவள் போய்விட்டாள்.

மாத்திரையைக் குறைத்துக் கொன்றுவிட்டதாக என் மச்சான் நர்ஸம்மா மேல் புகார் கொடுத்தபோதும் பக்கத்தில் சும்மா நின்றேன். அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டதாக நேற்றுத் தெரிந்ததால் இன்று வந்தேன். அவர்மேல் தவறில்லை.

மிஷினை ஒப்படைக்கிறேன், ஆள் ஏறாமலே முள் சைபருக்கு இரண்டு கிலோ கீழே நிற்பதை ஐயாவும் பார்த்தீர்கள். படித்துக் காட்டக் கேட்டேன், நான் சொன்னபடியே இருக்கிறது, யாரும் மிரட்டிச் சொல்லவில்லை. இதையும் சேர்த்து எழுதச் சொல்கிறேன்: அந்த ஐந்து நாளும் மாத்திரையை உடைத்துக் கொடுத்தது நான்தான். ஆறாம் நாளுக்கான பாதி இந்தக் காகிதப் பொட்டலத்தில் இருக்கிறது.

(ஒப்பம்)